வெங்காயக் கலர் துணியோடு வந்த அம்மா

திண்டிவனத்தில் நான் நடத்தும் தையல் கடைக்கு லைனிங், லேஸ், மணி எல்லாம் சென்னை பாரிமுனையில்தான் வாங்குவேன். மாதம் ஒருமுறை காலை ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன். கடைத்தெருவுக்குள் கால் வைத்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிடும். ஒரு சந்து முழுக்கப் பொத்தான், அடுத்த சந்து முழுக்க ரிப்பன். தலையில் துணிக்கட்டோடு வருபவர் "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே நம்மை உரசிப் போவார். அந்த நெரிசல் எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் தை மாதம் என் ஓரகத்தியையும் கூட்டிப்போனேன். என் கணவரின் அண்ணன் மனைவி அவர்; முகையூர்ப் பக்கத்துக்காரர். அதுவரை சென்னைப் பக்கம் வந்ததில்லை. ஓமந்தூர்க் கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கைக்கு மேட்சிங் லைனிங் வாங்க வேண்டும். பட்டு, வெங்காயக் கலர். அதில் விரலகலம் வெட்டி எடுத்து வந்திருந்தோம்.

"நீயே எல்லாத்தையும் தூக்கிக்கினு வர்ற. இதையாவது நான் வச்சிக்கிறேன்" என்று அந்தத் துண்டை அவர் வாங்கிக்கொண்டார்.

ஒரு கடையில் மணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவர் இல்லை.

அந்தத் தெருவின் இரண்டு முனைக்கும் ஓடினேன். செல்போனை அவர் வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். என் நம்பரும் அவருக்கு மனப்பாடம் கிடையாது. வீட்டில் போய் என்ன சொல்வேன்? வழக்கமாக வாங்கும் லேஸ் கடைக்குப் போய் நின்றேன். அந்தக் கடைக்காரரின் குடும்பம் எப்போதோ ராஜஸ்தானிலிருந்து வந்தது. அவர் பேசுவது அசல் மெட்ராஸ் தமிழ்.

"எங்க அக்காவைக் காணோம்ங்க."

"மொதல்ல உக்காருமா. இன்னா கலர் மேட்சிங்குக்கு வந்தாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "ஆளையே காணோம்ன்றேன், கலரு கேக்குறீங்களே."

"இங்க வர்றவங்க மூஞ்ச யாரு பாக்குறா? கையில இருக்கிற துணியத்தான் பாப்போம்."

சொன்னேன். அவர் போனை எடுத்து ஒவ்வொரு கடையாக விசாரித்தார். "வெங்காயக் கலர் பட்டுத் துண்டு வச்சிக்கினு ஒரு அம்மா வந்தாங்களா?" மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடையோடு பேசும்போது அவர் முகம் மலர்ந்தது.

"லைனிங் கடையில கீறாங்க. ரெண்டு தெரு தள்ளி."

அக்கா ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எங்கடி போயிட்ட? நீ தொலைஞ்சி போயிட்டன்னு இவங்ககிட்ட சொல்லிக்கினு இருக்கேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நடந்தது இதுதான்: தள்ளுவண்டியில் போன ஒரு துணிக்கட்டில் அதே வெங்காயக் கலர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டியின் பின்னாலேயே இந்தக் கடை வரைக்கும் வந்துவிட்டார். துண்டையும் லைனிங்கையும் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்துப் பார்த்து, வெட்டியும் வாங்கிவிட்டார். பட்டின் மேல் வைத்தேன். நிறத்தில் ஒரு இழை பிசகில்லை. இத்தனை வருஷம் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய எனக்கு அப்படி ஒருநாளும் அமைந்ததில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை பிடித்துப்போனது. அதன்பிறகு பாரிமுனைக்கு அக்காவேதான் போய் வருகிறார். நான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று நான் போனேன். லைனிங் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியாவாம்மா வந்தீங்க? ஸ்டேஷனுக்கு வழி தெரியுமா?"

தெரியும் என்றேன். இருந்தாலும் அவர் தெருமுனை வரை வந்து கை காட்டிவிட்டுத்தான் போனார்.