கபிரியேலின் குடம்புளிச் சாட்சி

சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கபிரியேலைத் தெரியாதவர் இல்லை. என் வீட்டுச் சுவரும் அவன் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை. நல்ல உழைப்பாளி, நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் பெரிது. மீன் குழம்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. மலையாளத்துக்காரர்களைப் போலக் குடம்புளிதான் போடுவான். அவன் பெண்டாட்டி ரோசிக்கோ, நம்ம ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றாவிட்டால் அது குழம்பே அல்ல. நானும் ரோசி கட்சிதான். யார் வந்து சொன்னாலும் மாற மாட்டேன்.

இந்தத் தை மாதம் செபஸ்தியார் திருநாளுக்கு, லயம் முழுவதற்கும் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் ஆக்குவதென்று கூட்டத்தில் முடிவானது. எப்போதும் குழம்பு ரோசியின் கைதான். கபிரியேல் எழுந்து நின்றான்.

"இந்த வருசம் கரண்டிய எங்கிட்ட குடுங்க. எங்குழம்புதான் ருசின்னு ரோசியே மெசேஜ் அனுப்பிருக்கா. மக ஜெஸ்னா பிரசவத்துக்கு இவ போடியில போயி இருந்தாள்ல, அப்போ."

"நானா? எங்க, காட்டுங்க பாப்போம்," என்றாள் ரோசி. "மெசேஜ் இருந்தா கரண்டி உங்களுக்கு. இல்லன்னா இந்த சென்மத்துல அடுப்புப் பக்கம் வரப்பிடாது."

கபிரியேல் தன் பட்டன் போனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். உள்ளே இருந்ததெல்லாம் ரீசார்ஜ் செய்யச் சொல்லி போன் கம்பெனி அனுப்பியவை. பெண்டாட்டி அனுப்பியதை எல்லாம் போனில் இடமில்லை என்று அழித்திருக்கிறான். கம்பெனி அனுப்பியதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஏலே, அத வச்சு என்னலே செய்யப் போற?" என்றேன்.

"கம்பெனி அனுப்புனத அழிக்கலாமா ஆச்சி? நாளைக்கு வந்து கேட்டான்னா?"

தோட்டத்தில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்? தோட்டக் கம்பெனி கொடுத்த துண்டுச் சீட்டைக்கூட நாங்கள் தகரப்பெட்டியில்தான் வைப்போம். என் பெட்டியிலும் கிடக்கிறது. எதற்கென்று எனக்கே தெரியாது.

மறுநாள் ஜீப் ஏறிப் பூப்பாறைக்குப் போனோம். கபிரியேல் மெசேஜை மீட்க, ரோசி அதைப் பொய்யாக்க, நான் வேடிக்கை பார்க்க. மொபைல் கடை வைத்திருக்கும் ஷீனா போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"அழிச்சது எல்லாம் வராது சேட்டா. சிம்முல கிடந்தது மட்டும் சில நேரம் கிட்டும். அதுக்கு மேல வேற வந்து உக்காந்திருந்தா அதுவும் போச்சு."

கபிரியேல் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டான். ஷீனா சிம்மைக் கழற்றி ஒரு குச்சியில் சொருகி, குச்சியைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். முதலில் வந்தது, "கோழிய அடைச்சாச்சா?" அப்புறம், "ரேசன் வாங்கியாச்சா?" அப்புறம் மறுபடியும் கோழி.

"கிட்டி சேட்டா!" என்று கத்திவிட்டு உரக்கப் படித்தாள். "உங்க குடம்புளிக் குழம்புதான் எனக்கு ருசி."

கபிரியேல் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். ரோசி முகத்தில் ஈயாடவில்லை.

"இருங்க, கீழ இன்னும் இருக்கு," என்றாள் ஷீனா. "இப்படிச் சொன்னாத்தான் நீங்களே ஆக்கித் தின்னுட்டு என்னைய வா வான்னு கூப்புடாம இருப்பீங்க. நான் வர இன்னும் நாளாவும். கோழிய அடைச்சாச்சா?"

கடையே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்துவிட்டது.

"கீழ் பட்டன அமுக்கிப் பாக்கலையாலே நீ?"

"மேல இருந்ததே போதும்னு இருந்துட்டேன் ஆச்சி," என்றான், பூனைபோல.

ரோசிக்கு என்ன தோன்றியதோ, அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "சொன்னா சொன்னதுதான். மெசேஜ் இருந்துச்சுல்ல? கரண்டி உங்களுக்கு. வாங்க."

திருநாளன்று கபிரியேல்தான் குழம்பு வைத்தான். போகிற வருகிறவர் உள்ளங்கையிலெல்லாம் ஊற்றி, "எப்பிடி, எப்பிடி?" என்று கேட்டான். கடைசியில் அண்டாவில் வழிக்க ஒன்றுமில்லை. நானும் இரண்டாம் முறை வாங்கினேன். பசிதான் காரணம், குடம்புளி அல்ல.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ரோசி கேட்டாள். "மெசேஜ் அனுப்புனேனே, வந்துச்சா?"

"இடமில்லன்னு காட்டுது."

கபிரியேல் யோசித்தான். சிலுவை போட்டுக்கொண்டு, கம்பெனி அனுப்பியதில் ஒன்றை அழித்தான். போன் கூவியது. எனக்கும் கேட்கிற மாதிரி படித்தான்.

"குழம்பு நெசமாவே நல்லாருந்துச்சு."

இந்த முறை ஏமாறவில்லை. கீழ் பட்டனை அமுக்கினான். பார்த்தான். போனும் கையுமாகக் கோழிக்கூண்டுக்கு ஓடினான்.