செல்வியை நீக்கிய குழு

ஒரகடம் கம்பெனியின் பயிற்சி அறையில் அதிகாரி மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே சேகரின் முகம் நினைவுக்கு வந்தது, கூடவே எரிச்சலும்.

சேரப்பணஞ்சேரியில் பத்தாம் வகுப்புப் படித்தபோது, நாங்கள் நான்கு பேர் மேரி வீட்டுக் கூடத்தில் குரூப் ஸ்டடி நடத்தினோம். ஷிப்ட் முடிந்து உள்ளறையில் படுத்திருக்கும் மேரியின் அப்பா, எங்கள் குரல் உயர்ந்தால் இருமுவார். சேகர் தன்னைத்தானே தலைவனாக்கிக்கொண்டான். அட்டையில் நாலு நிற மார்க்கர் பேனாக்களால் அட்டவணை எழுதினான், வருகைப்பதிவு எடுத்தான். படிப்பதைத் தவிர எல்லாம் செய்தான்.

செல்வி மட்டும் ஒவ்வொரு கணக்கிலும், "இது எப்டி வந்துச்சி?" என்று கேட்பாள்.

"அதான் புக்குல கீதே, மனப்பாடம் பண்ணிக்கினு போ," என்பான் சேகர். நான்தான் அவளுக்கு விளக்குவேன். விளக்கும்போதுதான் எனக்கே புரியும்.

ஒருநாள் சேகர், "இவளால டைம் வேஸ்ட். இவ வேணான்றவங்க கைய தூக்குங்க," என்றான். மேரி தூக்கினாள். நானும் தூக்கினேன். செல்வி நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் யாரும் எதையும் கேட்கவில்லை. அட்டவணைப்படி மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் எண்களை மாற்றிக் கேட்டிருந்தார்கள். மூவரும் கணக்கில் தோற்றோம், செல்வி தேறினாள். சேகர் கேள்வித்தாளைத் திட்டினான். அவனுக்கு இருந்தது வாய் மட்டும்தான். அந்த வாய்க்குப் பயந்து கை தூக்கிய என்னைத்தான் இன்றும் என்னால் மதிக்க முடியவில்லை.

அதிகாரி எழுதி முடித்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எனக்குப் புரியல சார்," என்றேன்.