ஸ்லோ ரேசில் நான் இல்லை

நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு அரியலூரில் அந்தக் காலத்தில் இரண்டு மரியாதைகள் காத்திருந்தன. ஒன்று, கல்யாணப் பந்தியில் முதல் வரிசை. இன்னொன்று, ஸ்லோ ரேஸ்.

ஸ்லோ ரேஸ் என்றால், ஐம்பது கெஜ தூரத்தைக் காலை ஊன்றாமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சைக்கிளில் கடப்பது. எல்லாருக்கும் கடைசியாக வருகிறவருக்கு முதல் பரிசு. கோடைதோறும் எங்கள் ஊர் இளைஞர் மன்றம் சைக்கிள் பந்தயம் நடத்தும். செந்துறை வரை போய்த் திரும்புகிற பெரிய பந்தயம் பையன்களுக்கு. அவர்கள் திரும்பி வந்தபின், மைதானத்தில் பெரியவர்களுக்கு ஸ்லோ ரேஸ்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். எனக்கு வயது நாற்பத்தாறு. பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் இரண்டு போட்டிருந்தேன். மன்றத்துச் செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்லோ ரேஸ் பட்டியலில் எழுதிவிட்டார்.

“தம்பி, அதை அடிங்க. நான் செந்துறை போறேன்.”

“அமீனா சார், அது போக வர நாப்பது கிலோமீட்டர் இருக்கும்.”

“நான் டெய்லி போற தூரந்தான்.”

நான் முன்சீப் கோர்ட்டில் அமீனா. சம்மனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போய், உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற உத்தியோகம். தினம் ஓட்டியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கி ஓட்டினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். ஸ்லோ ரேஸ் முடிவதற்குள் நான் திரும்பி வந்துவிட்டால் பெரிய பந்தயத்தில் ஓட்டியதாகச் சேர்த்துக்கொள்வார்கள். வராவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து ஆயுசு முழுக்க ஸ்லோ ரேஸ். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எப்போதும் என் காலைவிட வேகம்.

மே மாதம் முழுக்கக் கோர்ட்டுக்கு விடுமுறை. விடியுமுன் எழுந்து செந்துறை ரோட்டில் மிதிப்பேன். சுண்ணாம்புக்கல் லாரி கடந்து போனால் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு திரும்புவேன். பச்சை முட்டை குடித்தால் பலம் என்றார்கள். குடித்தேன். அது ரோட்டிலேயே திரும்பி வந்தது. பாரம் வைத்து ஓட்டினால் கால் உரமேறும் என்று படித்திருந்ததால், ஞாயிறுதோறும் மனைவியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு உடையார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த வீட்டுக்கு நான் அத்தனை தடவை போனதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, காரணத்தை நான் உளறும்வரை.

“அப்ப நான் நெல்லு மூட்டை, அப்படித்தானே?” என்றாள். அதோடு நிறுத்தாமல், அடுத்த வாரம் அம்மா வீட்டிலிருந்து ஒரு பலாப்பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு சங்கடம். வழியில் இருந்த ஊர்க்காரர்களுக்கு நான் பந்தயக்காரன் இல்லை, அமீனா. காலை ஐந்து மணிக்கு நான் மூச்சு வாங்க மிதித்து வருவதைப் பார்த்து ரோட்டோரத்துக் கதவுகள் சாத்திக்கொண்டன. லீவில்கூட அமீனா விடமாட்டேன் என்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பந்தய நாளில் வண்டியின் பாரத்தைக் குறைக்க மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றினேன். அரைக்கால் சட்டை இல்லாததால் ஆபீஸ் காக்கிப் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் வெட்டச் சொன்னேன். மனைவி வெட்டித் தந்தாள். ஒரு கால் நாலு விரற்கடை குட்டை. பலாப்பழத்தோடு தீராத நெல்லு மூட்டைக் கணக்கை அவள் அப்படித் தீர்த்தாள்.

விசில் ஊதினார்கள். பையன்கள் மறைந்தார்கள். அவர்களை அதற்கப்புறம் எதிரே திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். ஒருவன் கையாட்டினான். நான் ஆட்டவில்லை. ஹேண்டில்பாரை விட்டால் விழுந்துவிடுவேன்.

செந்துறையில் மேசை போட்டு, திரும்புகிறவர்களின் ஹேண்டில்பாரில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். ரிப்பன் இல்லாமல் வந்தால் செல்லாது. கட்டுகிறவர் யார் என்று கிட்டே போனதும் தெரிந்தது. அண்ணன் தம்பி இருவருக்குள் வரப்புத் தகராறு, அதில் அவர் சாட்சி. சாட்சி சொல்லப் பயந்து பொங்கலிலிருந்து எனக்கு ஒளிந்து திரிந்தவர். ஒரு தடவை அவர் சேலம் போயிருப்பதாக அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தபோதே அடுக்களைக்குள் அவர் இருமல் கேட்டது.

தலை நிமிர்ந்தார். காக்கியைப் பார்த்தார். ரிப்பன் கட்டோடு பின்னாலிருந்த முந்திரித் தோப்புக்குள் ஓடினார்.

நானும் உள்ளே விட்டேன். முந்திரிக் கிளை தாழ்ந்து நெற்றியில் அடித்தது. உதிர்ந்த பழத்தில் சக்கரம் வழுக்கியது. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினேன்.

“யோவ், கோர்ட்டு லீவுய்யா!”

“லீவுன்னா எதுக்குத் தொரத்துறீங்க?” ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நான் பந்தயத்துல ஓட்டுறேன். ரிப்பன் கட்டி வுடு.”

மரத்துக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. பிறகு, “நீங்களா?” என்றார். அந்த ஒரு கேள்வி கிளை அடித்ததைவிட அதிகமாக வலித்தது.

சம்மன் இருக்கிறதா என்று பேண்ட் பையைக் காட்டச் சொன்னார். இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு வெல்லக்கட்டியும் நாலு வேர்க்கடலையும் விழுந்தன. அதன் பிறகே வந்து, இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டினார். போகும்போது கேட்டார்: “ஜூன்ல வருவீங்களா?”

“வருவேன்.”

“சரி, அப்ப பாத்துக்குவோம்.”

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டது. தொடை கல்லாகி நின்றது. ஒரு பஸ் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. தெரிந்த கண்டக்டர். வண்டியை மேலே போடலாம், டவுனுக்கு முன்னால் இறக்கிவிடுகிறேன், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்றார். உள்ளே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

“நீங்க போங்க. நான் பின்னாடியே வர்றேன்” என்றேன்.

மைதானத்துக்கு வெளியிலேயே மைக் கேட்டது. ஸ்லோ ரேசில் எல்லாரும் காலை ஊன்றிவிட்டார்களாம், இரண்டு பேர்தான் பாக்கியாம். உள்ளே நுழைந்தபோது அந்த இரண்டு பெரியவர்களும் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், பிரேக்கைப் பிடித்தபடி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யாரை அந்தக் கோடை முழுக்கக் கேலி செய்தேனோ, அவர்கள் எனக்காகவே மெதுவாக ஓட்டியதுபோல் இருந்தது. அவர்களைத் தாண்டிக்கொண்டு கோட்டைக் கடந்து, நிறுத்தத் தெரியாமல் மைக் மேசையில் போய் இடித்தேன்.

செயலாளர் ரிப்பனைப் பார்த்தார். நெற்றிக் காயத்தைப் பார்த்தார். நல்ல மனசுக்காரர். “சார், ஸ்லோ ரேஸ்ல ஆறுதல் பரிசு ஒரு டிபன் பாக்ஸ் இருக்கு. உங்க பேர்ல எழுதிக்கறேன்” என்றார்.

“அது வேணாம். நான் வந்த எடத்தை மைக்குல சொல்லுங்க.”

“மூணு எடந்தான் சார் வாசிக்கிறது வழக்கம்.”

“மிச்சம் பேரு நாப்பது கிலோமீட்டர் மிதிக்கலையா? நாலுலேருந்து வாசிங்க. வாசிக்கிற வரைக்கும் நான் நவுர மாட்டேன்.”

நகரத்தான் முடியாது, கால் மடங்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. வாசித்தார். நாலாவது, ஐந்தாவது என்று ஒவ்வொருவராக வர, என்னைப் பார்த்துச் சிரித்த பையன்களே அவரவர் இடத்துக்குக் கைதட்டிக்கொண்டார்கள். பதினோராவதாக என் பெயரைக் கேட்டேன். மொத்தமே பதினொரு பேர்தான் ஓட்டினோம் என்பதை இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கேரியரைக் கழற்றிவிட்டதால் மனைவி ஏற முடியவில்லை. இருவரும் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். பாதி தூரம் வந்தோம். அப்புறம், “டிபன் பாக்ஸு மூணு அடுக்கு” என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், “பதினோராவதுன்னு அவன் சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

ஜூனில் கோர்ட் திறந்தது. கேரியரையும் மட்கார்டையும் திரும்பப் பூட்டினேன். ரிப்பனை மட்டும் அவிழ்க்கவில்லை. செந்துறைக்குச் சம்மனோடு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ரிப்பனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், எழுந்து தோப்பைப் பார்த்து ஓட்டம் எடுத்தார்.

ஓடட்டும் என்று பெடலில் காலை வைத்தேன். தோப்புக்குள் எனக்கு இப்போது வழி தெரியும்.