பாஞ்சுலில் உடைத்த பூசணி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஃபிட்டர். எங்கள் பட்டறை செய்த கடலை எண்ணெய் ஆட்டும் மிஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட, தொண்ணூறுகளில் என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். காம்பியா என்று ஒரு நாடு. பாஞ்சுல் அதன் தலைநகர். அதுவரை நான் போன பெரிய தூரம் திருப்பதிதான். கிளம்பும்போது முதலாளி சொன்னார்: "நைனா, மிஷினு ஓடலன்னா அப்டியே கப்பல்ல திருப்பிடுவாங்கோ. அப்பால எஸ்டேட்ல எவன் மூஞ்சிலயும் முழிக்க முடியாது. பாத்துக்க." நானா விடுவேன்? அதில் ஒவ்வொரு போல்ட்டும் என் கையால் முடுக்கியது.

பாஞ்சுல் ரொம்பச் சின்ன ஊர். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். மணல் தெருக்களில் ஒரு நடை நடந்தால் ஊர் முடிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கூட நின்று, நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். நம்ம ஊர் பஸ்ஸில் காலை மிதித்தவன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. பூசணிக்காய் உடைக்காமல் எங்கள் எஸ்டேட்டில் எந்தப் புது மிஷினும் ஓடியதில்லை. மிஷினை வாங்கிய மில்லில் எல்லாருக்கும் சமைக்கும் அம்மாவிடம் கேட்டேன். வெள்ளைப் பூசணி அங்கே ஏது? விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று, இருந்த பெரிய மஞ்சள் பூசணியைச் சிரித்தபடி தூக்கிக் கொடுத்தார். நான் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, மிஷினுக்கு மூன்று சுற்று சுற்றி, வாசலில் ஓங்கிப் போட்டு உடைத்தேன்.

அந்த அம்மா சிதறிய துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மில் ஃபோர்மேன் இங்கிலீஷில் கேட்டார்: "மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்தது. சாப்பாட்டையா தரையில் அடிப்பாய்?"

அப்புறம் கடலை மூட்டை தூக்க ஒருத்தரும் வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உங்க மிஷினுக்குத்தானேய்யா ஒடைச்சேன்!" என்று தமிழிலேயே கத்தினேன். தனியாக ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மிஷின் கப்பலேறப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுப்படிக்குப் போனேன். அந்த அம்மா துண்டுகளிலிருந்த குங்குமத்தையும் மண்ணையும் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கழுவினேன். "தப்பு பண்ட்டேம்மா" என்றேன். தமிழ் அவருக்கு எங்கே புரியும்? என் மூஞ்சி புரிந்திருக்க வேண்டும். நறுக்கு என்று கத்தியை என் பக்கம் தள்ளினார். மதியம் எல்லாரும் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். நானும் அதே தாம்பாளத்தில் கையை விட்டு, நான் உடைத்த பூசணியைத் தின்றேன்.

சாப்பிட்ட கையோடு மூட்டைகள் வந்து இறங்கின. சுவிட்சைப் போட்டேன். முதலில் பிண்ணாக்கு, பின்னாலேயே எண்ணெய். அடேயப்பா, என்ன ஓட்டம்! பெருமை தாங்காமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஃபோர்மேன் குனிந்து, மிஷினில் அடித்திருந்த தகட்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்: "அம்-பத்-தூர்." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இதுதான் உங்கள் நாட்டுத் தலைநகரமா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.