சுத்த சைவ விடுதியில் ஓர் ஆஸ்கர் மீன்

செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் தங்கும் விடுதிக்கு மணிவேல்தான் மேனேஜர். முதலாளி பெங்களூரில் இருந்ததால் இங்கே சட்டமும் மணிவேல்தான். ‘சுத்த சைவம். வெளியிலிருந்தும் அசைவம் கொண்டுவரக் கூடாது’ என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார். யாராவது பார்சலோடு படியேறினால் வணக்கம் சொல்லும் முன்பே மோப்பம் பிடித்துவிடுவார். மாதக்கணக்கில் தங்கியிருந்த கம்ப்யூட்டர்காரர் பாலாஜி ஒருநாள் முட்டை பப்ஸோடு வந்தபோது, ரோட்டில் நின்று தின்றுவிட்டு வாய் கொப்புளித்து வரும்படி திருப்பி அனுப்பினார். அடி அண்ணாமலையில் அவருடைய சொந்த வீட்டில் ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதிப்பது வேறு விஷயம்.

வரவேற்பு மேசையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பொன்னி என்ற கோல்டு ஃபிஷ். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தோடு மல்லுக்கட்டி ஓய்ந்த பிறகு மணிவேல் தன் குறைகளையெல்லாம் அதனிடம்தான் கொட்டுவார். அது வாயைத் திறந்து திறந்து மூடும். ‘ஆமாம், ஆமாம்’ என்கிறது என்று எடுத்துக்கொள்வார். இப்படிப்பட்ட நல்ல ஜீவன் தனியாக இருக்கலாமா என்று ஒருநாள் தோன்றவே, மீன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீனைக் காட்டினார். “ஆஸ்கருங்க. ஆளப் பாத்தா நாய்க்குட்டி மாதிரி ஓடியாரும்.”

“ரெண்டும் ஒத்துப் போவுமா?”

“சின்னதா இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாதுங்க.”

மணிவேல் காதில் ‘ஒண்ணும் பண்ணாது’ மட்டும்தான் விழுந்தது.

ஆஸ்கர் வளர்ந்தது. உள்ளங்கை அளவு ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. பொன்னி மூலையிலேயே நிற்க ஆரம்பித்தபோது, பெண்பிள்ளை கூச்சப்படுகிறது என்று மணிவேல் சிரித்துக்கொண்டார்.

ஒருநாள் காலை சாவிக் கொத்தோடு வந்தவர் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றார். ஆஸ்கரின் வாயிலிருந்து ஓர் ஆரஞ்சு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“துப்பு” என்று கண்ணாடியைத் தட்டினார். “டேய், துப்புடா.”

ஆஸ்கர் அவரைப் பார்த்து நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்தது. வந்து, அவர் கண்ணெதிரே ஒரே விழுங்கு.

சத்தம் கேட்டு இறங்கி வந்த பாலாஜி பொன்னி இல்லாத தொட்டியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “மேனேஜர் சார், ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றார்.

அன்று மணிவேலுக்கு உப்புமா இறங்கவில்லை. கொலைகாரனை வாளியில் போட்டு மூடி, மீன் கடைக்கே தூக்கிப் போனார். கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கையை விரித்தார். “இத இங்க வுட்டா என் கடையே காலிங்க.”

வேறு வழியில்லாமல் வாளி அடி அண்ணாமலைக்குப் போயிற்று. அவர் மனைவி தங்கம்மாள் மூடியைத் திறந்தாள்.

“இன்னாங்க, கொழம்புக்கா?”

“வேணாம். அது வயித்துல பொன்னி இருக்குது.”

தங்கம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய தொட்டி ஒன்றைத் தேடிக் கழுவினாள். மறுநாள் முதல் கீரைப் பாத்தியைக் கிளறி மண்புழு போடத் தொடங்கினாள். அவள் கொலுசுச் சத்தம் கேட்டாலே ஆஸ்கர் மேலே வந்து வாயைப் பிளந்தது. மணிவேல் மட்டும் அதன் முகத்தில் விழிப்பதில்லை. அதோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போயிற்று. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றதும் மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறியது. தங்கம்மாள் கடைக்குப் போயிருந்தாள். மணிவேல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு சொம்பை எடுத்து வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். அவள் திரும்பி வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது, வாய் ஓயவில்லை.

“அதுகூடப் பேச மாட்டேன்னீங்களே?”

“பேசல” என்றார் மணிவேல், சொம்பை நிறுத்தாமல். “திட்டிட்டு இருக்கறேன்.”