தவக்காலத்தில் ட்றம்ஸ் அடித்தவள்

நண்டுக் கொம்பனியில் வேலை முடிந்து வரும்போது றொஷேலின் விரல்கள் விறைத்துப்போயிருக்கும். ஐஸில் கிடந்த நண்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுக்கிற வேலை. கையுறை போட்டாலும் ஓடு குத்தும். அந்தக் கையோடுதான் பின்னேரங்களில் அவள் ட்றம்ஸ் அடித்தாள்.

அவள் அதைத் தேடிப் போகவில்லை. வெளிநாட்டுக் குடும்பமொன்று கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த ட்றம்ஸ் அது. அடித்துக்கொண்டிருந்தவன் கொழும்புக்குப் போய்விட, பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்ற றொஷேலை ஒரு பெருநாளுக்கு இருத்திவிட்டார்கள். பிறகு அவளை எழுப்ப வேறு ஆள் வரவில்லை. பெட்டைக்கு இதென்ன வேலை என்று சிலர் கதைத்தார்கள். தாய் எடித் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பதுதான் அவளுடைய கவலை.

பாண்டைத் தொடங்கியவன் றொஷேலின் மச்சான் கொலின்ஸ். ஓலைத்தொடுவாயில் கடற்றொழில், கிற்றார் வாசிப்பான். பாடுவதற்கு அவனுடைய கூட்டாளி றொசாந்தன் வந்தான். மன்னார் ரவுணில் போன் கடையொன்றில் நின்றவன். பேஸ் கிற்றாருக்கு இலுப்பைக்கடவையிலிருந்து அகிலன் வந்தான். வயல் வேலை விட்ட நாட்களில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து தீவுக்குள் வருவான். றொக் பாண்டுக்குப் பெயர் வேண்டுமென்று இரண்டு கிழமை சண்டை பிடித்து, கடைசியில் காற்றின் பெயரையே வைத்தார்கள்: சோளகம்.

கோயில் மண்டபத்தில்தான் வாசித்துப் பழகினார்கள். எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கொலின்ஸ் விடியமுன் கடலுக்குப் போய் வந்தவன். அகிலன் இரவிரவாக வயலில் பன்றிக்குக் காவலிருந்துவிட்டு வந்து, கிற்றாரை மடியில் வைத்தபடியே சுவரில் சாய்ந்துவிடுவான். இடையில் கரண்ட் போனால் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

விபூதிப் புதன் வந்தது. உயிர்த்த ஞாயிறுவரை நாற்பது நாளும் தவக்காலம், மண்டபத்தில் சத்தம் வேண்டாம் என்று பாதர் சொல்லிவிட்டார். றொசாந்தன் நியாயம் கதைத்துப் பார்த்தான். பாதர் கோபிக்கவில்லை, மண்டபக் கதவின் திறப்பையும் கொடுக்கவில்லை.

கடற்கரையில் கொலின்ஸின் வாடிக்குப் போனார்கள். வலை போட்டு வைக்கிற ஓலைக் கொட்டில் அது, கரண்ட் இல்லை. கிற்றார்களை வெறுமனே வாசித்தார்கள். றொஷேல் பழைய வலையை மடித்து, அதன்மேல் சாக்கைப் போட்டு அடித்தாள். யாரோ மெத்தை தட்டுவதுபோல ஒரு சத்தம். ஆனால் அங்கேதான் முதல்முறையாக ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்டது. அகிலன் தொடக்கத்திலிருந்தே தாளத்துக்கு ஒரு அடி பிந்தி வந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் பிடிபட்டது.

“அப்ப நான் இவ்வளவு நாளும் வேற பாட்டு வாசிச்சிருக்கிறன்” என்றான் அவன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலையும் கோயிலில் சிலுவைப்பாதையும் முடிந்து றொஷேல் நேரே வாடிக்கு வந்தாள். தொடங்குவோம் என்றார்கள். அவள் மணலில் குந்திவிட்டாள்.

“கொஞ்சம் பொறுங்கோ. ஒருக்கா இருந்திட்டு வாறன்.”

றொசாந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். பகிடியாக இழுத்துப் பாடினான். கொலின்ஸின் கிற்றார் பின்னால் போனது. அவள் கண்ணை மூடிப் படுத்துக்கிடந்தபடியே அடுத்த வரிகளைச் சொன்னாள். பஸ்ஸால் இறங்கி வருகிறவளைக் குடம் கூப்பிடுகிறது, அடுப்பு கூப்பிடுகிறது, பிள்ளை கூப்பிடுகிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் இருப்பது அந்த ஒரே மறுமொழி. பகிடி எந்த இடத்தில் நின்றதென்று தெரியவில்லை. பொழுதுபடமுன் அவர்களுக்கென்று ஒரு பாட்டு வந்துவிட்டது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து மண்டபமும் திறந்தது. ஓலைத்தொடுவாய்ப் பெருநாளில் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். அதுதான் அவர்களுக்கு முதல் மேடை. அந்த நேரம் பார்த்து றொசாந்தனுக்குக் கட்டார் விசா வந்தது. சில நாள் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். தங்கச்சியின் படிப்பு, வீட்டு நிலைமை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். கோபப்படக்கூட றொஷேலுக்குத் தெம்பு இருக்கவில்லை.

அவன் போனபிறகு, பெருநாளுக்கு ஏலாதென்று சொல்லிவிடுவோம் என்றான் கொலின்ஸ். ட்றம்ஸ் அடித்துக்கொண்டே தான் பாடுவதாக அவள் சொன்னாள்.

“நீ பாடுவியோ, மச்சாள்?”

“நான் சொன்னதைத்தானே அவன் பாடினவன்.”

பெருநாளன்று பின்னேரம் காற்று எழும்பிவிட்டது. மைக்கில் இரைச்சல். கொலின்ஸ் தன் சொக்ஸைக் கழற்றி அதற்கு மாட்டினான். சினிமாப் பாட்டுகளுக்குப் பெடியள் ஆடினார்கள். சொந்தப் பாட்டு தொடங்கியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மோட்டார் சைக்கிள்களில் போய் இருந்துகொண்டார்கள். ஆட்டத்துக்குப் பைலா போடச் சொல்லி ஒருவன் கேட்டான். அன்றைக்கும் றொஷேல் வேலைக்குப் போய்த்தான் வந்திருந்தாள். உயரமான இடத்தில் குரல் உடைந்தது. பிறகு அவள் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. கதைப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள்.

முடிந்தபோது கைதட்டல் பெரிதாக இல்லை. கொம்பனியில் அவளுக்குப் பக்கத்து மேசையில் நண்டு உடைக்கிற அருள்நாயகி, செருப்பைக் கையில் பிடித்தபடி மேடையடிக்கு வந்தாள்.

“பிள்ளை, அந்தப் பாட்டை இன்னொருக்காப் படி. காலுளைவில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. இப்ப இருந்து கேக்கிறன்.”

பெருநாள் குழுக்காரர் நேரம் போகிறதென்று கை காட்டினார். றொஷேல் கொலின்ஸைப் பார்த்தாள். இரண்டாம்முறை இன்னும் மெதுவாகவே வாசித்தார்கள். கொம்பனிப் பெண்கள் மணலில் பாய் விரித்திருந்து கேட்டார்கள். ஒருத்தி மற்றவளின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். அகிலன் ஒரு அடியும் பிந்தவில்லை.

தாய் முந்தி வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். “நல்லாத்தான் இருந்தது. சாப்பிட்டிட்டுப் படு, விடியக் கொம்பனி பஸ் வரும்” என்றாள்.

இப்போது மூன்று பேராகவே பாண்டை ஓட்டுகிறார்கள். கூடுதலாகக் கலியாண வீடுகள். அங்கே ஆடுவதற்கான பாட்டுகள்தான். றொஷேல் இன்னமும் நண்டு உடைக்கிறாள். போன சனிக்கிழமை அகிலனுக்கு அறுவடை என்பதால் அவனுடைய ஊரில் வாசித்துப் பழகுவதாக இருந்தது. ட்றம்ஸின் சிம்பல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவள் பாலம் கடக்கமுன்னே நித்திரையாகிவிட்டாள். இலுப்பைக்கடவை போனது தெரியாது. வெள்ளாங்குளத்தில் கொண்டக்டர் தட்டி எழுப்பி, எங்கே இறங்க வேண்டுமென்று கேட்டார். அவள் இறங்கி, அகிலனுக்குப் போன் எடுத்துவிட்டு, றோட்டோரத்தில் சிம்பலை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தபடி, அவன் மோட்டார் சைக்கிளில் வரும்வரை நின்றாள்.