கடல் தெரியாத ஜன்னலும் சுனாபட்டி வீடும்

அந்த நிகழ்ச்சியை இனிப் பார்க்கப்போவதில்லை என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் வீடு வாங்கப் போகிறவர்களைக் காட்டுகிறார்களே, அதுதான். புருஷனும் பெண்டாட்டியும் தெரியாத ஊரில் இறங்குவார்கள், மூன்று வீடு பார்ப்பார்கள், ஒன்றை எடுப்பார்கள். போன சனிக்கிழமை ஒருத்தி, சமையலறை ஜன்னலில் கடல் தெரியவில்லையாம், வேண்டாம் என்றுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஓனர் நீட்டிக்க மாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே நானும் என் கணவர் காதரும் வீடு தேடக் கிளம்பினோம். அவருக்கு மும்பை தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை.

காலை ஒன்பதரைக்கு டாக்ஸி. எங்கள் வீட்டிலிருந்து மாட்டுங்கா இரண்டரை கிலோமீட்டர், நாற்பது ரூபாய். இரண்டாவது மாடி, நல்ல வெளிச்சம். தமிழ் புரோக்கர் "ஏ ஒன் பில்டிங் சார்" என்று புகழ்ந்துகொண்டே வந்தார். கடைசியில் எழுதிக்கொள்ளப் பெயர் கேட்டார். சொன்னோம்.

"அட, முன்னாடியே சொல்லக்கூடாதா பாய்? பில்டிங் சொசைட்டில ஒத்துக்க மாட்டாங்க."

அதுவரை சார், அதற்கப்புறம் பாய். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வடாலாவுக்கு நடந்து, அங்கிருந்து ரயிலில் செம்பூர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். அந்த வீட்டுக்காரம்மா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்.

"திருநவேலியா? நம்ம ஊராளுவளா! வாங்க, வாங்க" என்று காபி கொண்டுவந்தார். "டவுனா, ஜங்ஷனா?"

"மேலப்பாளையம்" என்றேன். அங்கே பெரும்பாலும் முஸ்லிம்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"ஓ... மவன்ட்ட கேட்டுச் சொல்லுதேம்மா."

மாட்டுங்காவில் கோபம்தான் வந்தது. இங்கே வலித்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில், "டிவில எவனாவது பேரு கேக்கானா? எத்தன ரூமுன்னுதான கேக்கான்?" என்றேன்.

"கேட்டத எடிட்டிங்ல வெட்டிருப்பாண்டீ" என்றார் காதர். அந்த எரிச்சலிலும் சிரித்துவிட்டேன்.

வழியில் சுனாபட்டியில் இறங்கினோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. ஓனர் மராட்டிக்கார அம்மா. இந்த முறை செருப்பைக் கழற்றும் முன்பே இந்தியில் சொன்னேன்: "நான் ஜரினா, இவர் காதர். முஸ்லிம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி காலைல அஞ்சு மணிக்கு வரும், அரை மணி நேரம்தான். எழுந்திருப்பியா?"

"நாலே முக்காலுக்கே நிப்பேன் ஆன்ட்டி." செருப்பைக் கழற்றினேன்.

இந்த வழியில் வீடு தேடப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை இந்த ஹார்பர் லைன் ரயிலைப் பராமரிப்புக்காக நிறுத்தும் மெகா பிளாக் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் பெயரை போனிலேயே சொல்லிவிடுங்கள், டாக்ஸி காசாவது மிஞ்சும். செம்பூரிலிருந்து இன்னும் போன் வரவில்லை.

சுனாபட்டி வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கடல் தெரியவில்லை. எடுத்துக்கொண்டோம்.